ஏழாம் முறை மாற்று வேட்பாளர்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். அதாவது எழுந்து நடமாடுகிறோம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் நலத்தைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை, ஏனென்றால் உன் கணவர் இப்போது எனக்குப் பத்தடி தூரத்தில், தேர்தல் அதிகாரியின் அறைக்குள், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் வராந்தா பெஞ்சில் இருக்கிறேன். இன்று வேட்புமனுப் பரிசீலனை. உள்ளே ஒவ்வொரு மனுவாக எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். "மாற்று வேட்பாளருங்க எல்லாம் வெளியில உக்காருங்க, தேவைப்பட்டா கூப்பிடுவோம்" என்றார் எழுத்தர். முப்பது வருடமாக ஒருமுறைகூட நான் தேவைப்பட்டதில்லை. சட்டைப்பையில் எழுதாத படிவங்கள் சில மிச்சமிருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

நான்கு தெரு தள்ளி இருக்கிற தங்கைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்கமாட்டாய். நீ என்னோடு முகம்கொடுத்துப் பேசி இருபது வருடம் ஆகிறது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். உன் மூத்தவள் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் உறவுமுறை சொல்லி வரவேற்றாய். எனக்கு "வாங்க" மட்டும் கிடைத்தது, "அண்ணா" கிடைக்கவில்லை. ஒருவேளை பின்னால் வருமோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பின்னால் வந்தவர்கள் இடித்ததால் உள்ளே போனேன்.

சொல்லவேண்டியது இரண்டு. ஒன்று, இதுதான் கடைசி. நாளை மறுநாள் பகல் மூன்று மணிக்குள் என் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு, அன்று மாலை ரயிலில் நானும் அண்ணியும் மகள் ஊருக்குப் போகிறோம். ஜன்னல் வைத்த அறை ஒன்றை எங்களுக்கென்று ஒழித்துவைத்திருக்கிறாள். அடுத்த தேர்தலுக்கு யார் வந்து கையைப் பிடித்தாலும் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. இரண்டாவது விஷயத்தைச் சொல்லத் தைரியம் வர எனக்கு இன்னும் ஒரு பக்கம் ஆகும்.

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள், கீழ்வரிசை எழுத்தைப் படித்து முடித்தவுடன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அது என்ன சார் மாற்று வேட்பாளர்?" முப்பத்தெட்டு வருடக் கடையில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். பெரிய வேட்பாளரின் மனுவில் ஏதாவது ஓட்டை இருந்து அது தள்ளுபடியாகிவிட்டால், கட்சிக்கு ஆள் இல்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காக இன்னொருவரும் மனு போட்டுவைப்பார். பெரியவர் மனு ஏற்கப்பட்டதும் சின்னவர் வந்து வாபஸ் வாங்கவேண்டும், தானே நேரில், தன் கையால். அவ்வளவுதான் வேலை. உன் அண்ணி சொல்வாள்: "ஏங்க, ஜெயிக்க நிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், தோக்க நிக்கிறவங்களையும் பாத்திருக்கேன். நிக்காம இருக்கிறதுக்காக நிக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

இதற்குக் கட்சியில் ஆளா இல்லை? மாப்பிள்ளையிடம் முதல் தேர்தலிலேயே கேட்டேன். "கட்சிக்காரனைப் போட்டா, எம்மனு தள்ளுபடி ஆகாதான்னு அவன் ராப்பகலா ஏங்குவான் மச்சான். நீங்கதான் ஆசையே இல்லாத மனுஷன்" என்றார். அன்று அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அரசியல் வாழ்க்கையை எல்லோரும் நாலு வெற்றி, இரண்டு தோல்வி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஆறு வராந்தா. முதல் தேர்தலில் நாலாயிரம் ஓட்டில் ஜெயித்தார்; என் மனுவில் தகப்பனார் பெயரும் என் பெயரும் இடம் மாறிவிட்டதால், அரைநாள் நான் எனக்கே மகனாக இருந்தேன். இரண்டாவதில் பதினோராயிரம். அப்போது மந்திரி ஆகிவிடுவார் என்ற பேச்சு இருந்தது, நீகூட வீட்டு வாசலை அகலப்படுத்தினாய். மந்திரி பதவி வரவில்லை, வாசல் அப்படியே அகலமாக இருக்கிறது. நாலாவது தேர்தலில் மனு கொடுக்கிற அன்று அவர் கட்சி மாறினார். நான் காலையில் ஒரு கட்சிக்கு மாற்று வேட்பாளராக வீட்டைவிட்டுக் கிளம்பி மத்தியானம் வேறு கட்சிக்கு மாற்று வேட்பாளராக மனு கொடுத்தேன். துண்டை மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை, பழைய நிறத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்தார். ஐந்தாவதில் பழைய கட்சிக்கே திரும்பினார், டெபாசிட்டும் போனது. ஆறாவதில் இரண்டு கட்சியும் கூட்டணி வைத்துக்கொண்டதால், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாக வெயிலைத் திட்டிப் பேசி ஜெயித்தார். நான் எல்லாவற்றிலும் வாபஸ். கொள்கையில் இவ்வளவு உறுதியாக நின்றவன் இந்தத் தொகுதியில் வேறு யாருமில்லை.

மூன்றாவதை விட்டுவிட்டேன் என்று கவனித்திருப்பாய்.

ஊருக்குத் தெரிந்த கதை இது: வாபஸ் வாங்கக் கடைசி நாள், மச்சான் இந்த வராந்தா பெஞ்சில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார், மூன்று மணி தாண்டிவிட்டது, பெயர் ஓட்டுச்சீட்டில் ஏறிவிட்டது, வழுக்கைத் தலையருக்குச் சீப்புச் சின்னம் கொடுத்தார்கள், அந்தச் சீப்புக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொரு ஓட்டு விழுந்தது, மாப்பிள்ளை நூற்று அறுபத்து மூன்று ஓட்டில் தோற்றார். எண்கள் எல்லாம் சரி. அவர் சின்னம் கம்பிக் கதவு, என் சின்னம் சீப்பு, இரண்டும் வரிவரியாகத்தான் இருக்கும். என் கடையில் கண்ணாடி வாங்கியவர்கள்தான் மாற்றிக் குத்திவிட்டார்கள் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அதன் பிறகு ஒரு வருடம் என் கடைக்குக் கூட்டம் குறைந்தது. அதையும் தாங்கிக்கொண்டேன். நீ பேச்சை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் தூங்கவில்லை, அம்மா. இதுதான் இரண்டாவது விஷயம்.

அன்று ஒன்றரை மணிக்கே வாபஸ் கடிதத்தோடு வந்துவிட்டேன். அதிகாரி சாப்பாட்டுக்குப் போயிருந்தார், இரண்டரைக்கு வருவார் என்றார்கள். வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது மாப்பிள்ளையின் பிரசார ஜீப் அந்தப் பக்கம் வந்தது. உள்ளே அவர், ஓட்டுநர், மைக்காரர், அவ்வளவுதான். மற்றவர்கள் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்களாம். "மச்சான், ஏறுங்க, வண்டி வெறிச்சுன்னு கெடக்கு" என்றார். "மாப்பிள்ளை, வாபஸ் வாங்கணும்" என்றேன். "மூணு மணிக்குத்தானே? கடைத்தெரு வரைக்கும் வந்துட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்து விட்டுர்றேன்" என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். கடைத்தெருவில் வண்டி நகரவில்லை. இரண்டே முக்காலுக்குச் சொன்னேன், மைக் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்து, என் கையைத் தூக்கிப்பிடித்து ஜனங்களுக்குக் காட்டினார். இறங்கி ஓடிவந்தேன். மூன்று பத்து. கதவைச் சாத்திவிட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சுவரில் இருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க தூங்கிட்டீங்கன்னு சொல்லிட்டேன் மச்சான், ஜீப்புல நின்னப்ப யாரும் மணி பாத்து வைக்கல. உங்க தங்கச்சிகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிராதீங்க. வெளிய தோத்தாச்சு, வீட்லயும் தோத்தா எங்க போவேன்?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டேன். இரண்டு நாளில் நீ சமாதானமாகிவிடுவாய் என்று நினைத்தேன். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் பென்சிலை உடைத்தேன் என்பதற்காக ஒரு கோடை விடுமுறை முழுக்க என்னோடு பேசாதவள் நீ. இருந்தாலும் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன்.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பாய். எனக்கு அறுபத்தாறு ஆகிறது, மூட்டு இரண்டும் சொன்னபடி கேட்பதில்லை, ஊரைவிட்டுப் போகிறேன். போகிறவன் தூங்கினவனாகப் போக விரும்பவில்லை. மாப்பிள்ளையோடு நீ சண்டை போடவேண்டாம். ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கவேண்டும் என்றும் இல்லை. வாசலில் நின்று, போகும்போது "போய்ட்டு வாங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அந்தத் தெரு வழியாகவே ஆட்டோவை விடச் சொல்கிறேன். சுற்றுவழிதான், பரவாயில்லை.

எனக்குப் பதவி வேண்டாம், ஜீப் வேண்டாம், மைக் வேண்டாம். ஜன்னலும் நாற்காலியும் இருந்தால் போதும். முப்பது வருடம் இன்னொருவர் ஜெயிப்பதற்காக வராந்தாவில் உட்கார்ந்த மனிதன் களைத்துப்போவான் என்பதை யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ளவேண்டும், அது நீயாக இருக்கட்டும்.

உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும். நீ மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள். மாப்பிள்ளை ஐந்தாவது முறையாக நல்லபடியாக ஜெயித்து வர என் ஆசிகள். அவருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் கோபமில்லாத
அண்ணன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு மடிப்பதற்குள் எழுத்தர் வெளியே வந்து, "மாற்று வேட்பாளர் யாருங்க?" என்று கேட்டார். பெஞ்சில் நான் ஒருவன்தான் இருந்தேன், இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன். விஷயம் இதுதான். மாப்பிள்ளையிடம் ஜனங்கள் எந்தத் தாளை நீட்டினாலும், படிக்காமல் இடது மேல்மூலையில் "பரிசீலித்து ஆவன செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரே, இருபது வருடப் பழக்கம், தன் வேட்புமனுவிலும் அதையே செய்திருக்கிறார். வேட்பாளர் கையெழுத்து என்று போட்டிருக்கும் இடம் காலியாக இருக்கிறது. அதிகாரி பரிசீலித்துத் தள்ளுபடி செய்துவிட்டார். என் மனுவில் குற்றமில்லை. ஆறு முறை போட்டுப் பழகிய கையல்லவா. ஆகவே தங்கச்சி, கட்சியின் வேட்பாளர் இப்போது நான்.

மாப்பிள்ளை வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவரோடு வந்த ஏழெட்டுப் பேரும் என்ன நினைத்தார்களோ, மெல்ல நகர்ந்து என் பக்கமாக வந்து நின்றார்கள். ஒருவர் என் பையை வாங்கி வைத்துக்கொண்டார், இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் கெட்டுப்போகல மச்சான். பேசறது கத்துறது எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க சும்மா ஜீப்புல நின்னாப் போதும். ஜெயிச்ச மறுநாளே ராஜினாமா பண்ணிருங்க. இடைத்தேர்தல்ல நான் நின்னுக்கிறேன், சரியா?" என்றார். சரி மாப்பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "பார்க்கலாம்" என்று வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு ஒருவரும் விளக்கவேண்டியதில்லை. எத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்னவர். முகம் வெளுத்துவிட்டது.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். ரயில் டிக்கெட் விஷயத்தை அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பாள். அந்த ஜீப் கதையையும் இப்போதைக்கு யாரிடமும் பேசவேண்டாம். நான் தூங்கியதாகவே இருக்கட்டும், தேர்தல் நேரத்தில் குடும்ப ஒற்றுமை முக்கியம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு உன் தெருவிலிருந்துதான் பிரசாரம் தொடங்குகிறோம். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அகலமான வாசலாயிற்றே, கொஞ்சம் வெளியே வந்து நில். உன் வீட்டில் மொத்தம் ஐந்து ஓட்டு என்று பட்டியலில் பார்த்தேன்.