சான்று பெற்ற குழாய்

"சுயேச்சையான ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது" என்று தண்ணீர் வடிகட்டிப் பெட்டியின் மேல் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நெவில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எந்த ஆய்வகம்னு போடலையே, கோரலி?"

"போட்டிருந்தா மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துடுவியா?" உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை. "முதல்ல மாட்டு. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

கைக்குழந்தை என்றால் மகள் டாம்சினின் எஸ்மி. மகளும் மருமகன் லாக்கியும் பிரசவத்திலிருந்து இந்த வீட்டில்தான். ஊருக்கு வெளியே குராபின் என்ற விமானத் தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கென்று காலங்காலமாக அடித்த நுரையின் நச்சு மண்ணில் இறங்கி, ஊரின் போர் தண்ணீரில் கலந்து, இப்போது எஸ்மியின் ரத்தப் பரிசோதனையிலும் தலைகாட்டியிருந்தது. கவுன்சில் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

நெவிலால் ஓய முடியவில்லை. கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"எங்க ஓனரோட தம்பி லேப்தான் சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

"அதுல என்னம்மா சுயேச்சை?"

"கட்டடம் வேற சார்."

நெவில் கோதுமைக் கிடங்கில் எடைமேடை பார்க்கிறவர். "என் தராசு சரியா இருக்குன்னு நானே முத்திரை போட்டுக்கிட்டா, லோடு கொண்டுவர்றவன் என்னை லாரிக்கு அடியில தள்ளிடுவான்!" என்று கத்திக்கொண்டே வடிகட்டியைப் பிடுங்கினார். கூடவே பழைய குழாயின் மூட்டும் வந்தது. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"இப்ப சுத்தமாயிடுச்சு," என்றாள் கோரலி, துடைப்பத்தை அவர் கையில் திணித்தபடி.

அடுத்து வாங்கியதில் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அசல் முத்திரையே இருந்தது. நெவிலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊர் கிளப்பில் பீர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த முத்திரையின் பெருமையைப் பேசினார். அவர் பேச்சை நம்பிப் பாதித் தெரு அதே வடிகட்டியை வாங்கியது. அதன் பிறகுதான், எதற்கும் இருக்கட்டும் என்று, முத்திரை கொடுக்கும் அமைப்பைக் கூப்பிட்டார். புரூ என்ற அம்மாள் எடுத்தார்.

"அந்த முத்திரை எதுக்குன்னா, குழாய் ஒழுகாது, ஃபில்டர்லேர்ந்து எதுவும் தண்ணியில கரையாது. அவ்வளவுதான்."

"அந்த நுரை மருந்தை எடுக்குமா?"

"எடுக்கும்னு அவங்களும் சொல்லல. நாங்களும் சோதிக்கல."

"அப்ப அது என்னதான் பண்ணும்?"

"ஒழுகாது."

விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து கிளப்பில் நெவிலுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பால்ய நண்பன் மெர்வ் மட்டும் எதிரே வந்து நின்று, "நல்ல முத்திரைடா. என் பின்பக்கத்துல குத்திக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

புரூ அம்மாள் பொறுமைசாலி. வழியையும் சொல்லிக்கொடுத்தார். எந்த மாடல், எந்த ரசாயனம், இரண்டும் சேர்ந்து அமைப்பின் பட்டியலில் இருக்க வேண்டும். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் சோதித்திருக்க வேண்டும். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்ப்பதும் உண்டு. நெவில் தேடித் தேடி அப்படி ஒன்றைப் பிடித்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குட்டிப் பீப்பாய் மாதிரி உட்கார்ந்துகொண்டது. மேலே அதற்கென்று தனியாக ஒரு சின்னக் குழாய். தண்ணீர் நூல் போல இறங்கியது.

கிளப்பில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எல்லாரையும் அதையே வாங்க வைத்தார். மெர்வ்கூட வாங்கினான். பக்கத்து நாற்காலியில் மறுபடி ஆள் உட்கார்ந்தது.

குளிர்காலம் முடிந்ததும் எஸ்மிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு குறையவில்லை. கூடியிருந்தது.

டாம்சின் குழந்தையைக் கட்டிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. நெவில் முற்றத்தில் நின்றபடி புரூவைக் கூப்பிட்டார்.

"கம்பெனிக்காரன் உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

"சோதனைக்குக் கட்டணம் கட்டுவாங்க, நெவில். முடிவை விலைக்கு வாங்க முடியாது. முதல்ல அந்தக் குழாய்த் தண்ணியை ஒருதரம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அப்புறம் வீட்ல..."

"போதும், உங்க முத்திரையும் நீங்களும்!" ஃபோனை வைத்தார்.

நேராகக் கிளப்புக்குப் போனார். "அத்தனையும் ஃப்ராடு! என் பேத்தி ரத்தமே சாட்சி. பிடுங்கி எறியுங்க!" என்று கத்தினார். யாரும் கேலி செய்யவில்லை. குழந்தையின் பெயரைச் சொன்னால் எவன் கேலி செய்வான்? அன்று மாலையே தெருவில் வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டியில் பீப்பாய்கள் கிடந்தன. மெர்வ் தன்னுடையதைக் கோடாலியால் பிளந்தே போட்டான்.

நெவில் வீட்டுக்கு வந்து, ஸ்பானரோடு தொட்டிக்கு அடியில் தவழ்ந்தார். ஆட்டு ரோமம் கத்தரித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த லாக்கி, பூட்ஸைக் கழற்றியபடி வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். அதிகம் பேசாத பையன். மாமனாரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"கழட்டிடுங்க நெவ், அதனால ஒண்ணும் குறைஞ்சிடாது. இதுல ஒரு பாட்டில் நிரம்புறதுக்குள்ள எஸ்மி கத்தி ஊரைக் கூட்டிடுவா. அவ பால்பவுடருக்கு நாங்க என்னைக்குமே பாத்ரூம் குழாயிலதானே பிடிக்கிறோம்."