வலது காலைக் கழுவிய விவகாரம்

அன்புள்ள மச்சான் ரெங்கசாமிக்கு,

தெமோதரையிலிருந்து உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் அக்கா விஜயலெட்சுமிக்கு அடுப்படியில் வேலை முடிந்துவிடும், பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள்.

விசயம் நம்ம மகள் கலாராணியைப் பற்றியது. பல்கலைக்கழக விரிவுரையாளர், நிரந்தர வேலை, தோட்டத்து லயத்தில் பிறந்த குடும்பத்தில் முதல் ஆள் என்று நான் ஹாலிஎல வரை சொல்லித் திரிந்தது உங்களுக்குத் தெரியும். அவள் தேயிலை மலையில் அட்டை கடிக்காமலிருக்க ஒரு களிம்பு கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தோமா, எழுதி வைத்தோமா என்று இருக்கக் கூடாதா? ஆராய்ச்சிக்காரர்களின் கண்டுபிடிப்பைக் கடைக்குக் கொண்டுவர உதவி கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறதாம், அது கிடைத்தால் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுக் கம்பெனி தொடங்குவாளாம். "கம்பெனி படுத்துட்டா என்னம்மா செய்வ?"ன்னு கேட்டா, "எழுப்பி விடுவோம்ப்பா"ங்கிறா. அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல. பிரிஜ்ஜில தயிர்ச்சட்டிக்குப் பக்கத்துல ஒரு போத்தல் அட்டை. உங்க அக்கா ஒருநாள் புளின்னு நெனைச்சு கையவிட்டுட்டா, அந்தக் கூச்சல் ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் திட்டத்துக்காரங்க ஜீப்புல பரீட்சை பாக்க வந்தாங்க. என் வலது காலில களிம்பு, இடது கால் வெறுங்கால், ஈரத் தேயிலைக்குள்ள நடக்கணும். எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. களிம்பு தோத்துட்டா பிள்ளையோட வேலை தப்பிக்குமே? யாருக்கும் தெரியாம தண்ணி கொட்டுற பீலிக்குப் போய் வலது காலைக் கழுவினேன். களிம்பு பிசுபிசுன்னு போகல, சோப்பை நல்லாத் தேய்ச்சேன். அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க, அலசாமலே ஓடினேன். எங்க அம்மா காலமெல்லாம் அட்டைக்குப் பயந்து காலில சோப்பைத் தேய்ச்சுக்கிட்டுத்தான் மலைக்குப் போனாங்க. அது அந்த நேரம் என் மண்டையில ஏறல. இடது காலில அட்டை வரிசை கட்டி நிக்குது, வலது காலில ஒண்ணுமில்ல. வந்திருந்த வதனி மேடம் யாழ்ப்பாணத்துக்காரங்க, "ஐயா, நல்லா வேலை செய்யுது, உங்கட மகள் கெட்டிக்காரி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கெடுக்கப் போன நானே வெல்ல வைத்துவிட்டேன், மச்சான்.

இப்போது உண்மையைச் சொன்னால் பிள்ளை முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் ஒரு சோப்புக் கட்டியை நம்பி நல்ல வேலையை அந்தரத்தில் விட்டுவிடுவாள். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நீங்கள் உடனே வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லிக் கம்பெனி ஆசையை விடவைக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்

பி.கு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது கலா வந்தாள். "அப்பா, அன்னைக்கே ஒங்க கால்ல சோப்பு வாசம் அடிச்சுச்சு. அந்தப் பரீட்சை செல்லாதுன்னு அவுங்களுக்கு எழுதிட்டேன். செவ்வாக்கெழம திரும்ப வாறாங்க. இந்தவாட்டி நானே ஒங்க காலைக் கழுவி விடுறேன்" என்றாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனவே புத்தி சொல்ல வர வேண்டாம். இங்கே நாலு நாளாக வெயில் கொளுத்துகிறது, அட்டை ஒன்றும் வெளியே வராது, அட்டை வராவிட்டால் பிள்ளையின் களிம்பு எப்படி ஜெயிக்கும்? திங்கட்கிழமைக்குள் மழை பெய்து அட்டையெல்லாம் பசியோடு எழும்ப வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். நீங்களும் ஒன்று உடைத்துவிடுங்கள்.