ரோஸ் வேட்டி

பெண் வீட்டார் முன்னால் தெரிந்த வேலையைக்கூடச் செய்யக் கூடாது. செய்தே ஆக வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். நான் இரண்டிலும் கோட்டை விட்டவன்.

அப்போது நான் ஆலைகளில் மெஷின்களைத் தானாக இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிகளைப் பொருத்தும் வேலையில் இருந்தேன். (இப்போதும் அதேதான். வேறு எவனும் சேர்த்துக்கொள்ளவில்லை.) செல்லூரில் வனிதாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவளுக்குச் சம்மதம். எனக்கோ தூக்கம் போகிற அளவுக்குச் சம்மதம். இடித்தது அவளுடைய அப்பாதான். சாயப்பட்டறை வைத்திருந்த அவருக்கு, என் வேலை என்னவென்று எவ்வளவு சொல்லியும் பிடிபடவில்லை.

"பொட்டிக்குள்ள வயர மாட்டுறேங்கிறீங்க. நம்ம பட்டறையில ரெண்டு தொட்டி கெடக்கு. வந்து மாட்டிக் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்.

'தம்பி' 'மாப்ள' ஆவதற்கு நடுவில் நின்றது அந்த இரண்டு தொட்டிகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நின்றேன். தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலர். அதற்குள் ரிலே என்கிற சுவிட்ச் 'டக்' என்று விழுந்தால் வால்வு திறந்து, இரண்டுக்கும் பொதுவாக மேலே இருக்கும் டாங்கியிலிருந்து சாயம் இறங்கும். தொட்டிக்கொரு பொத்தான் வைத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலையும் முடிந்திருக்கும், கல்யாணமும் முடிவாகியிருக்கும். ஆனால் வனிதா அங்கே மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே! ஒரே ஜோடி ஒயரை இரண்டு கன்ட்ரோலருக்கும் இழுத்து லேப்டாப்பில் செருகினேன்.

"இங்க உக்காந்துக்கிட்டே ரெண்டையும் ஆட்டி வைக்கலாம் மாமா." (மாமா என்று நானாகவே ஆரம்பித்துவிட்டிருந்தேன்.)

இந்த ஏற்பாட்டில் முக்கியமானது ஒன்று உண்டு. ஒயர் பொது என்பதால் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி எண் கொடுக்க வேண்டும். எந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் வேலை செய்யும். நானோ, நேரம் மிச்சம் என்று முதல் கன்ட்ரோலரின் செட்டிங்கை அப்படியே இரண்டாவதில் காப்பி அடித்தேன். எண்ணையும் சேர்த்துத்தான்.

முதல் தொட்டியில் ரோஸ் சாயம் ஏற வேண்டிய நூல் கிடந்தது. இரண்டாவதில் வெளுத்து முடித்த வெள்ளை வேட்டிகள், கடைசி அலசலில். மறுநாள் கடைக்குப் போக வேண்டியவை.

"ஒண்ணாம் நம்பர்!" என்று அறிவித்துவிட்டுத் தட்டினேன்.

டக். டக்.

"என்ன தம்பி, ரெண்டு சத்தம் கேக்குது?"

"எதிரொலி மாமா. தகரக் கொட்டகையில்ல?"

திரையில் 'பதில் இல்லை' என்று வந்தது. (இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதில் லேப்டாப்புக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.) ஒயர் லூஸாக இருக்கும் என்று குனிந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினேன். சும்மா முறுக்கினாலும் பரவாயில்லை. உலகத்தில் பாதிக் கோளாறுக்கு லூஸ் ஒயர்தான் காரணம் என்று மாமாவுக்கு வகுப்பும் எடுத்தேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

"அப்பா, வேட்டி!" என்று வனிதா கத்தினாள்.

திரும்பிப் பார்த்தால் தொட்டி முழுக்கப் பஞ்சுமிட்டாய் ரோஸ்.

மாமா ஒரு வேட்டியை எடுத்துப் பிழிந்தார். என் கழுத்தைப் பிழிவதுபோல் இருந்தது. "அம்புட்டும் போச்சு" என்றார். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. வேட்டி போனதைவிட வனிதா போய்விட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. பயந்து பயந்து அவள் பக்கம் பார்த்தேன். மேஜையில் தலை கவிழ்ந்து, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"எதிரொலியாம்ப்பா!" என்றாள். சிரிப்பில் மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

மாமா முறைத்தார். மீசை மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் துடித்தது.

"இம்புட்டு ரோஸ் வேட்டிய மதுரையில எவன் வாங்குவான்? முகூர்த்தத்துக்கு ஒங்க ஆளுக அம்புட்டுப் பேரும் இதத்தான் கட்டணும். வெளங்குச்சா, மாப்ள?"

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

கல்யாண ஆல்பத்தில் என் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் வரிசையாக ரோஸ் வேட்டியில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் இது எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் மாமனார் வீட்டிலிருந்து எனக்கு வருவதும் ரோஸ் வேட்டிதான். போன பொங்கலுக்குப் பையைப் பிரித்தால் இரண்டு இருந்தன.

"என்ன மாமா, ரெண்டு வச்சிருக்கீங்க?" என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணுதான் மாப்ள வச்சேன். இன்னொண்ணு எதிரொலி."