பதினொரு உவமைகளில் ஒரு தாய்

பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் பெற்றோர் எல்லோரும் தங்களுக்குள் ஓர் எழுத்தாளர் தூங்குவதாக நம்புகிறவர்கள். எனக்குள் தூங்கியவரை நான் எழுப்பியிருக்கவே கூடாது.

பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள் ரம்யாவுக்கு வேங்கிக்காலில் மாவட்டப் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘என் தாய்’. அவளே எழுதி வைத்திருந்தாள். வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் ஒரு பிரஷர் குக்கர்.

“ஏன்டி, ஊர் முன்னாடி என்னைக் குக்கர்னு சொல்லுவியா?”

“நல்லாத்தாம்மா இருக்கு. ஒண்ணு தொட்டு ஒண்ணு வருது.”

வந்தால் போதுமா? (நான் பி.ஏ. தமிழ். படித்ததெல்லாம் மறந்து இருபது வருடமாகிறது என்பது வேறு விஷயம்.) குக்கரை இறக்கிவிட்டு நிலவு, கலங்கரை விளக்கம், ஆலமரம், அருவி, வீணை என்று பதினொரு உவமைகளை ஏற்றினேன். மூன்று நாள் மனப்பாடம்.

மேடையில், “என் தாய் இருளில் நிலவு போன்றவர், கடலில் கலங்கரை விளக்கம் போன்றவர்...” என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கலங்கரை விளக்கத்துக்குப் பிறகு ஏன் ஆலமரம் வர வேண்டும்? அவளுக்குத் தெரியவில்லை. எழுதிய எனக்கும் தெரியாது. உதடு பிதுங்கியது. பரிசு போகட்டும், அத்தனை பேர் முன்னால் குழந்தை அழுதுவிட்டால்? மூன்றாவது வரிசையில் எழுந்து, “ஆலமரம்! ஆலமரம்!” என்று கத்தினேன்.

நடுவர் கண்ணாடியை இறக்கினார். “யாரும்மா நீங்க?”

“ஆலமரங்க” என்றேன். (பதற்றம்.)

அரங்கமே சிரித்தது. ரம்யாவும் சிரித்துவிட்டாள். மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“ஐயா, நான் எழுதினதையே சொல்றேங்க. எங்கம்மா ஒரு குக்கர்.”

முதல் விசில் எழுந்திருக்காததற்கு. இரண்டாவது, கணக்கு மார்க்குக்கு. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பஸ் சுற்றிப் போகும், அன்றைக்கு இரண்டு விசில் ஜாஸ்தி. “காதைப் பொத்திக்கினு ஓடுவோம். ஆனா எங்க எல்லாருக்கும் சோறு வேகறது அந்தச் சூட்டுலதாங்க.” ஓர் இடத்திலும் அவள் தடுமாறவில்லை.

இரண்டாம் பரிசு. நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாப்பா ஏத்தின குக்கரைக் கடைசி வரைக்கும் இறக்கல பாருங்க, அதான் பேச்சு சிதறாம நின்னுது. உங்க உவமைங்க தனித்தனியா அழகுதாம்மா. ஒண்ணுக்கொண்ணு முகப்பழக்கம் இல்ல.”

இரண்டு வருடமாகியும் மைக்கைக் கண்டால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறேன். என் கணவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சாம்பார் எப்படி என்று கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொள்கிறார்.

“தேன் மாதிரி, தேர் மாதிரி, தென்றல் மாதிரி... உப்புதான் கம்மி.”