கணவாய்க்கு ஒரு மூட்டைப் பனி

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக்கொதிப்பு. எனக்குப் பிறந்ததிலிருந்தே கவலை. பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று கவலை. பிடித்துவிட்டால், இத்தனை தடவை பிடிக்கிறாரே, தேய்ந்துவிடாதா என்று கவலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூடப் பரீட்சைக்குப் பயந்துதான். (வீட்டில் கஷ்டம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்யில்லை.)

இப்படிப்பட்டவனை நம்பி ஒரு மலையையும் அதன் பனியையும் ஒப்படைத்தான் முனிரத்தினம்.

எண்பதுகளில் நடந்தது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் இருந்தேன். மாம்பழம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அதனால் ஓசூரில் ஒரு மிஷின் ஷாப்பில் சேர்ந்தேன். பக்கத்து லேத் முனிரத்தினத்தினுடையது. வீட்டில் தெலுங்கு, ஃபோர்மேனிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவான். மூன்றிலும் கொஞ்சமாகத்தான் பேசுவான். அதற்கு முந்தின வருஷம் அவனுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயசு. காரியமெல்லாம் முடிந்து ஜவளகிரியில் அம்மா வீட்டுக்குப் போன அவன் மனைவி ராதம்மா திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை. "அந்த வீட்டுல பாப்பா சத்தம் கேக்குது" என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவன் பழம் வாங்கிக்கொண்டு போவான். இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவான்.

மகள் இருந்தவரை தினமும் அவளுக்கு ஒரு கதை சொல்வானாம். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாடு. அதில் ஒரு மலை, மலை நடுவே ஒரு கணவாய். சித்திரையிலும் அங்கே பனி கொட்டும். விளக்குச் சுடர்கூட ஆடாமல் விறைத்து நிற்கும். பாதை வளைந்து வளைந்து ஏறி முடிகிற இடத்தில் கரடித்தோல் போர்த்திய காவல்காரன் ஒருவன். அவன் காசு கேட்க மாட்டான். ஒரு கையின் சூட்டைத்தான் சுங்கமாக வாங்குவான். யாரைத் தேடிப் போகிறோமோ அவர்களைத் தொடும்வரை அந்தக் கை சில்லென்றே இருக்கும். கதை முடிந்ததும் பாப்பா கேட்பாள்: "அப்பா, கை சில்லுனு இருக்குதா?" இவன், "உன்னத் தொட்டா சரியாயிடும்" என்று கையை அவள் கழுத்தில் வைப்பான். வீடே அலறும்.

ஆயுத பூசை அன்று கம்பெனிக்குள் குடும்பத்தாரை விடுவார்கள், சாயங்காலம் நாடகமும் இருக்கும். அந்த வருஷம் முனிரத்தினம் தன் கதையையே நாடகமாக்கினான். ராதம்மாவும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

"நேர்ல பேச வரமாட்டேங்குது, சவரி. மேடையில பேசிடறன். கேட்டா ஒருவேள வீட்டுக்கு வருவா" என்றான் என்னிடம். "பனி மட்டும் நல்லா விழணும்பா. பாப்பா பனியப் பத்தித்தான் ஓயாம கேப்பா."

மிஷின் வந்த பெட்டிகளிலிருந்த தெர்மாகோலை எல்லாம் தேங்காய் துருவுகிற மாதிரி துருவி, ஒரு கோணி நிறையப் பனி தயார் செய்தேன். மேலே கப்பியில் ஒரு சல்லடையைத் தொங்கவிட்டு ஆட்டினால் பனி விழும். பக்கத்தில் புளோயரைப் போட்டால் காற்று. ஒத்திகையில் பிரமாதமாக இருந்தது. அதுவே கவலையாகிவிட்டது. இவ்வளவு நன்றாக நடந்தது நாளைக்கும் நடக்குமா?

நாங்கள் கோயிலுக்குத் தவறாத கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கம் புது வண்டி வாங்கினால் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார், உடனே ஏறிக்கொண்டு போய்விடுவோம். எனக்கு அது முதல் ஆயுத பூசை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். புளோயர், சல்லடை, கப்பி, கயிறு, ஏணி எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பூசையில் வைத்தேன். சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம். மனசு நிறைந்துவிட்டது. (அந்தோணியாரிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன். யாரையும் விடக் கூடாதில்லையா!)

நாடகத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஏணியைத் தூக்கப் போனேன்.

"ஏய்! முட்டபேடா! தொடாதய்யா!" என்று பாய்ந்து வந்தார் ஃபோர்மேன் நஞ்சுண்டப்பா. நாடகத்தில் காவல்காரன் அவர்தான். கறுப்புக் கம்பளி போர்த்தி நிஜக் கரடியாகவே இருந்தார்.

"சார், பனிக்கு வேணும் சார்."

"பூசையில வெச்சத நாளைக்கிக் காலையில எடுக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. உன்ன யாருய்யா இதெல்லாம் இங்க வெக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. முன்ஜாக்கிரதை.

முனிரத்தினத்திடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. "கையால தூவிடு சவரி. கொஞ்சங் கொஞ்சமா" என்றான்.

மரப்பெட்டிகளை அடுக்கி, மேடைக்கு மேலே கோணியோடு ஏறி நின்றேன். மூன்றாவது வரிசையில் ராதம்மா, மடியில் கை வைத்தபடி. முனிரத்தினம் பாதை ஏறி வந்தான். காவல்காரன் சுங்கம் வாங்கினான். கணவாய் தாண்டி முனிரத்தினம் மண்டியிட்டுக் கையை நீட்டினான். இனி பாப்பாவின் கேள்வியையும் தன் பதிலையும் அவனே சொல்ல வேண்டும். நான் தூவினேன். போதுமா என்று கவலை வந்தது. இன்னும் கொஞ்சம் தூவக் குனிந்தேன்.

மொத்தக் கோணியும் கை நழுவிப் போய்விட்டது. பனி முழுக்க அவன்மேல் கொட்டியது. அதன்பின் காலிக் கோணி இறங்கி, அவன் தலையில் தொப்பி மாதிரி கவிழ்ந்தது.

கூட்டம் ஓவென்று சிரித்தது. கரடி, "யாருய்யா மேல?" என்று அண்ணாந்து கத்தியது. கோணிக்குள்ளிருந்து முனிரத்தினம் பேசுவதை விடவில்லை. "அப்பா, கை..." என்றான். வாயில் தெர்மாகோல் போய் இருமினான். மறுபடி "அப்பா..." என்றான். சிரிப்பு இன்னும் ஏறியது.

மேலிருந்து பார்த்தேன். ராதம்மாவும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. எழுந்து வெளியே போனாள். கோணியை உதறிவிட்டு இவன் பின்னாலேயே ஓடினான்.

மன்னிப்புக் கேட்க நானும் ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டில் அவள் அவன் தலையிலிருந்து பனி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் லேசில் போகாது. இந்த விரலில் உதறினால் அந்த விரலில் ஒட்டும். அவளும் விடாமல் பொறுக்கினாள். அப்புறம் அவன் கையைப் பிடித்தாள்.

"சில்லுனு இருக்குது" என்றாள்.

அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அவன் வாய் திறந்தது. மூடியது. அவள் காத்திருந்தாள். ஜவளகிரி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போய்விட்டாள்.

"பேச்சே வரல சவரி" என்றான் என்னிடம். "தொண்டையில இன்னும் தெர்மாகோல்."

அவள் திரும்பி வரவே இல்லை. பனி ஒழுங்காக விழுந்திருந்தால் வந்திருப்பாளா என்று இன்றைக்கும் எனக்குக் கவலை. முனிரத்தினத்திடம் கேட்டால், "அப்பவும் வந்திருக்க மாட்டாபா" என்பான். நிஜமாகச் சொல்கிறானா, எனக்காகச் சொல்கிறானா, தெரியாது.

எங்கள் வீட்டில் நான் குடையை ரெண்டாம் தடவை தேடினாலும், கேஸை மூன்றாம் தடவை மூடிப் பார்த்தாலும் என் மனைவி, "அதையும் பூசையில வெச்சுட்டீங்களா?" என்பாள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஆயுத பூசை அன்று முனிரத்தினம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அவனும் சிரிப்பான். "ஒரு நாட்டுப் பனி மொத்தமும் ஒரே மூட்டையில!" என்று அவனே எடுத்துக் கொடுப்பான்.

கிளம்பும்போது கை கொடுப்பான். சில்லென்றிருக்கும். ஓசூர்க் குளிர் என்பான். நான் என் ரெண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வேன். அதற்குமேல் செய்ய எனக்கு எந்த முன்ஜாக்கிரதையும் தெரியவில்லை.