தடுப்பூசிப் பெட்டியில் இரண்டு பிடி உப்பு

படித்தவர்களின் முட்டாள்தனத்துக்கும் படிக்காதவர்களின் முட்டாள்தனத்துக்கும் ஒரு வித்தியாசம்தான் உண்டு. படித்தவர்கள் அதற்குச் சூத்திரம் எழுதிக் காட்டுவார்கள். நான் வேதியியல் ஆசிரியை. என் முட்டாள்தனத்துக்குச் சூத்திரம் மட்டுமல்ல, கரும்பலகையில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும் என்னால் முடியும்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. பின்பக்கச் சுவரைத் தாண்டினால் உப்பளம். என் மகள் ஜெனியும் அங்கேதான் பதினொன்றாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்குள் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். (கோபம் வந்தால் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவாள்.)

கொரோனாவின் இரண்டாம் அலையில் என் கணவர் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் நானும் ஜெனியும் மட்டும். அவள் தூங்கும்போதெல்லாம் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். "விரல எடும்மா, அதனாலதான் மூச்சு முட்டுது" என்பாள் கண்ணைத் திறக்காமலே. அவர் பிழைத்துத் திரும்பி வந்தார். என்னுடைய பயம் மட்டும் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் என் வீட்டு ஜன்னல் சாத்தப்படும்.

அதனால் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஊசி உண்டு, எங்கள் பள்ளியிலேயே முகாம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம், அவள் பத்தாம் வகுப்பு பாஸானபோதுகூட வரவில்லை. (அந்த வருஷம் பரீட்சையே நடக்காமல் எல்லாரும் பாஸ். எனக்குச் சந்தோஷப்படவும் வழி இல்லாமல் போயிருந்தது.)

அதே நாளில் இன்னொரு திருவிழாவும் சேர்ந்துகொண்டது. அரசாங்கம் கொரோனாவை எப்படிச் சமாளித்தது, ஊசி யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு வீணானது என்று கேள்வி கேட்க ஒரு சட்டமன்றக் குழு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கத்து எம்.எல்.ஏ.க்களும் அதில் உண்டு. எங்கள் முகாமையும் பார்க்கப்போகிறார்களாம். உடனே மேலேயிருந்து உத்தரவு வந்தது: குழு வந்த பிறகுதான் முதல் ஊசி போட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும்.

காலையிலேயே தடுப்பூசிப் பெட்டி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் எங்கள் ஊர் நர்ஸ் கலைவாணி சிஸ்டர். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் ஆள் ஜெனி. (தற்செயல் அல்ல. வரிசையை ஒழுங்குபடுத்தியது நான்.) அவள் சட்டைக் கையைக் காலையிலேயே மடித்துவிட்டிருந்தேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன குழு, சத்துணவு மணி அடித்தும் வரவில்லை. அதற்குள் சுகாதார அதிகாரி வந்து, ஊழியர்கள் எல்லாரும் வாசலில் வரவேற்புக்கு நிற்க வேண்டும் என்று சிஸ்டரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

போகும்போது சிஸ்டர் சொன்னார்: "டீச்சர், பெட்டியப் பாத்துக்கோங்க. தொறக்க வேணாம். உள்ள ஐஸ் பட்டை வெச்சிருக்குது, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"கரன்ட் வேற இல்ல சிஸ்டர்."

"பெட்டிக்கு எதுக்கு டீச்சர் கரன்ட்? தொறக்காதீங்க, அவ்ளோதான்."

தொறக்காதீங்க என்ற சொல்லைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் சும்மா இருந்திருப்பேன். அவர் வராந்தாவைத் தாண்டியதும் திறந்து பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் சந்தேகம் வந்தது. திறந்து தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், அந்தப் பெட்டிக்கு நிஜமாகவே சூடு ஏற ஆரம்பித்தது. ஐஸ் பட்டைகளுக்கு வியர்த்தது. அதைப் பார்த்து எனக்கும் வியர்த்தது.

"மிஸ், சும்மா இருங்க மிஸ்" என்றாள் ஜெனி.

சூடுபட்ட மருந்து வெறும் தண்ணீர் என்று எங்கேயோ படித்திருந்தேன். என் பிள்ளைக்கு வெறும் தண்ணீரையா போடுவார்கள்? அந்த நேரத்தில் பள்ளியின் பக்கத்துத் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வரும் அஞ்சலையின் மீன் வண்டி.

பக்கத்து கேட் வழியாக ஓடினேன். "அஞ்சல, கொஞ்சம் ஐஸ் குடு."

"மீன் வேணாமா? ஐஸ் மட்டுமா?"

"ஐஸ் மட்டும்."

"இன்னா டீச்சர், வீட்டுக்காரருக்கு மறுபடியும் காய்ச்சலா?"

"இல்ல, தடுப்பூசிக்கு."

அஞ்சலை மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அதுவும் மீன் மாதிரிதானா. நாங்க இன்னாமோன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

மருந்துக் குப்பிகளை ஒரு கவரில் சுற்றி, சுற்றிலும் அந்த ஐஸை நிரப்பினேன். (லேசாக வஞ்சிர வாசனை வந்தது. சமாளித்துக்கொள்ளலாம்.) அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இன்று மரியாதையாக நடமாடிக்கொண்டிருப்பேன். ஆனால் முந்தைய வாரம்தான் பதினொன்றாம் வகுப்புக்கு உறைநிலைத் தாழ்வு நடத்தியிருந்தேன். ஐஸில் உப்புப் போட்டால் குளிர் சுழியத்துக்கும் கீழே இறங்கும். எங்கள் ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம்? சத்துணவுக் கூடத்து மூட்டையிலிருந்து கல்லுப்பு இரண்டு பிடி எடுத்து வந்து, என் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு தூவினேன். பெட்டியை மூடினேன். பிறகு திறக்கவே இல்லை. சிஸ்டர் சொன்னதை அந்தக் கட்டத்தில்தான் கேட்டேன்.

கார்கள் வந்தபோது பிள்ளைகளில் பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். குழுத் தலைவர் வயதானவர், சாந்தமான முகம். வலப்பக்கம் ஆளுங்கட்சி உறுப்பினர். இடப்பக்கம் எதிர்க்கட்சி உறுப்பினர். அவர் ஒரு கடலோரத் தொகுதிக்காரர், சொந்தமாக ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர்.

எதிர்க்கட்சிக்காரர் அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். "உப்பளத்துல வேல செய்றவங்க விடியறதுக்கு முன்ன போயி வெயில் ஏறுனா வந்து படுக்குறாங்க. அந்த நேரம் பாத்து நீங்க முகாம் வெச்சா எவன் வருவான்?"

"இப்ப நேரத்த மாத்திட்டோம் சார்."

"எப்ப மாத்துனீங்க?"

"மாத்தப் போறோம் சார்."

"சரி, மருந்து எவ்ளோ வீணாச்சி?"

அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம வட்டாரத்துல வீண்ங்கிற பேச்சுக்கே எடமில்ல சார்."

"பெட்டியத் தொறங்க. போற எடமெல்லாம் வெந்நி மாதிரி வெச்சிருக்கீங்க. நானே பாக்குறேன்."

திறந்தார்கள். அவர் கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு குப்பியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினார். உள்ளே எதுவும் ஆடவில்லை.

"இன்னாங்க இது, கல்லாயிருக்குது?"

பெட்டியிலிருந்த ஐஸை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த விரலை நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். குழம்பு ருசி பார்க்கிறவர்போல் தலையை ஆட்டினார்.

"உப்பு" என்றார். "எனக்கு ஐஸ்தான் தொழிலு. உப்பு போடாம இந்தக் குளிர் வராது."

ஆளுங்கட்சிக்காரர் பதறினார். "இன்னாண்ணே அத நக்கிட்டீங்க? மருந்து ஒழுகியிருந்தா?"

"பூஸ்டர் போட்டாச்சின்னு வெச்சிக்க."

அதிகாரி குப்பியின் அட்டைப் பெட்டியை எடுத்துச் சத்தமாகப் படித்தார். குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடவே கூடாது, உறைந்தால் பயன்படுத்தக் கூடாது. நான் அதை ஏற்கெனவே படித்திருந்தேன், 'குளிரில் வைக்க வேண்டும்' வரைக்கும்.

அதிகாரி சிஸ்டர் பக்கம் திரும்பினார். "ஒரு பெட்டி மருந்தும் போச்சி. இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும் சிஸ்டர். உங்க வேலைக்கு நா கேரன்டி இல்ல."

"சார், நா வெறும் ஐஸ் பட்டைதான் சார் வெச்சேன்" என்றார் சிஸ்டர். இரண்டாம் அலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போன ஒரே ஆள் அவர். என் கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. அந்தக் கையையே வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல் தூக்கினேன்.

"நாந்தாங்க போட்டேன். சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க யாரும்மா?" என்றார் தலைவர்.

"கெமிஸ்ட்ரி டீச்சர்."

எதிர்க்கட்சிக்காரர் அதிகாரி பக்கம் விரலை நீட்டினார். "குறிச்சிக்கோங்க. அரசாங்க ஊசியில அரசாங்க டீச்சரே உப்பு போட்டிருக்காங்க."

"அது ஒரு ஆர்வம்ணே" என்றார் ஆளுங்கட்சிக்காரர். "உங்க ஆட்சியில உப்பு போடறதுக்கு ஐஸாவது இருந்துச்சா?"

தலைவர் இருவரையும் கையமர்த்தினார். "ஏம்மா, எதுக்கு உப்பு போட்டீங்க?"

"உறைநிலைத் தாழ்வுங்க ஐயா. கரைப்பானோட கரைபொருளச் சேர்த்தா அதோட உறைநிலை..."

"தமிழ்ல சொல்லுங்கம்மா."

"தமிழ்தாங்க ஐயா."

உண்மையான காரணத்தைச் சொல்வதென்றால் என் கணவரின் ஆக்சிஜன் குழாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சூத்திரம் மட்டும் போதாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்க, உப்புக் கையையே கண்ணுக்குக் கொண்டுபோனேன். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது ஜெனியின் குரல் கேட்டது.

"சார், ஒரு டவுட்."

"உக்காரு பாப்பா" என்றார் அதிகாரி.

"கேக்கட்டும்" என்றார் தலைவர்.

"எங்கம்மா பண்ணது தப்புதான் சார்." பள்ளிக்குள் அவள் என்னை அம்மா என்றது அதுதான் முதல் தடவை. "ஆனா பெட்டி காலையிலயே வந்துடுச்சி. அப்பவே போட்டிருந்தா மருந்து இந்நேரம் எங்க கையில இருந்திருக்கும், உப்பு போட ஒண்ணும் மிஞ்சியிருக்காது. நீங்க வந்தப்புறம்தான் போடணும்னு யாரு சார் சொன்னது?"

அதிகாரி ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர் முகம் மலர்ந்து, "நல்ல கேள்வி" என்றார். உடனே ஆளுங்கட்சிக்காரர், "அண்ணேதான் வழியில மீன் சாப்பாடு சாப்ட்டுட்டுப் போலாம்னாரு" என்றார்.

"நீ மட்டும் இன்னா, ரெண்டாவது தடவ வறுவல் வாங்கல?"

தலைவர் பெருமூச்சு விட்டார். "கேள்வி கேக்க வந்தது நாம. சரி. நர்ஸம்மா மேல எதுவும் வரக் கூடாது. வேற பெட்டி வரவழைங்க."

பெட்டி வர ரொம்ப நேரம் ஆனது. முதலில் கிளம்பினால் மற்றவர் பேட்டி கொடுத்துவிடுவாரோ என்று இரண்டு கட்சிகளும் இடத்தை விட்டு நகரவில்லை. சும்மா இருப்பானேன் என்று தலைவர் என்னைப் பாடம் நடத்தச் சொன்னார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டமன்ற உறுப்பினர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, உறைநிலைத் தாழ்வை மறுபடி நடத்தினேன். ஐஸ் பேக்டரிக்காரர் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு கை தூக்கினார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒரு பதிலும் சொல்லவில்லை. (கேள்வி என்றால் அமைச்சர்தான் பதில் சொல்வார் என்று பழகிவிட்டது போலும்.)

புதுப் பெட்டி வந்ததும் சிஸ்டர் என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க மட்டும் அந்தக் கோடியில நில்லுங்க" என்றார். நின்றேன். முதல் ஊசி ஜெனிக்கு. போட்டோ எடுத்தார்கள். ஊசி ஏறும்போது அவள் தன் கையைப் பார்க்கவில்லை, கோடியில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் பெரும் சத்தத்தோடு அழுதேன். அந்தப் போட்டோவில் ஊசி போட்டுக்கொண்டது யார் என்று இன்றுவரை புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான்.

பல மாதங்கள் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கும் என் கணவர் எதையும் வரி வரியாகப் படிக்கிறவர். ஒருநாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே இருமும் அளவுக்குச் சிரித்தார். (நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.) எங்கள் முகாமைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'உள்ளூர்க் காரணியால் தடுப்பூசி வீணானது. குழு நேரில் கண்டறிந்தது.' குழு தாமதமாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் உள்ளூர்க் காரணி. ஜெனியின் போனிலும் அந்தப் பெயரில்தான் நான் இருக்கிறேன்.

இப்போது அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வந்துவிட்டுப் போகும்போது, அஞ்சலையிடம் வாங்கிய மீனைப் பொரித்து, ஐஸ் வைத்த பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். மாஸ்க் போட்டுக்கோ, ஜன்னலோரம் உட்காரு, இறங்கினதும் போன் பண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பஸ் கிளம்பும் நேரம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள். ஐஸை விரலால் தேய்த்தாள். மொத்த பஸ்ஸும் பார்க்க அந்த விரலை நக்கி, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"மாண்புமிகு உறுப்பினர் திருப்தி தெரிவித்தார்" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார்.