நாலு பிளக்கும் ஒரு பின்னறையும்

மெக்கானிக் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்த அந்த நிமிஷமே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் என் காரை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது.

மூவாயிரத்து எண்ணூறு. மேலே 'ட்யூனிங்' என்று தலைப்பு. கீழே நாலே வரி. பிளக், ஏர் ஃபில்டர், ஆயில், கூலி. அதில் கூலிதான் கொழுத்த எண்.

"கூலின்னு போட்டிருக்கீங்களே, அப்படி என்ன செய்வீங்க?"

"தொறந்து பாத்து, மாத்திட்டு, மூடுவோம் சார்."

திறந்து பார்ப்பதற்குக் கூலியா? அந்தச் சந்தோஷத்துக்கு அவரல்லவா எனக்குக் காசு கொடுக்க வேண்டும்!

என் உத்தியோகம் தெரிந்தால் உங்களுக்கு இது புரியும். தபால் நிலையத்தில் பார்சல் கவுண்ட்டர். இருபத்திரண்டு வருஷமாக மூடிய பெட்டிகளை எடை போட்டு, சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருப்பேனா? பார்த்தால் வேலை போய்விடும். கையில் தூக்கி ஊகிக்கலாம், அவ்வளவுதான். காலை முதல் சாயங்காலம் வரை ஒரு மனிதன் இப்படி ஆசையை அடக்கிக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் எதையாவது திறக்காமல் இருக்க முடியுமா?

திறந்திருக்கிறேன். சுவர்க்கடிகாரம், இரண்டு இஸ்திரிப்பெட்டி, மூன்று மின்விசிறி, ஒரு வாஷிங் மெஷின். என் திறப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. மூடுவதில்தான் கொஞ்சம் சுணக்கம். அதனால் எல்லாம் பாகம் பாகமாக எங்கள் பின்னறையில் இருக்கின்றன. அது என் ஆராய்ச்சிக்கூடம். என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் பிணவறை.

அந்த அறைமேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் மலையாகக் கிடக்கும். அந்த மலைக்குள் எங்கோ தையல் மிஷின். மூன்று வருஷமாக நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

புதன்கிழமை சாயங்காலம் விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"ட்யூனிங்கை நானே பண்ணப் போறேன்."

"இஸ்திரிப்பெட்டிக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

"அது வேற. அதுல ஒரு ஸ்பிரிங் எங்கயோ தெறிச்சிடுச்சு."

"எங்கயோ இல்ல. எங்கக்கா தலையில."

"பழசைக் கிளறாதே. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு உங்கக்காவை பஸ் ஸ்டாண்டுல போய்க் கூட்டிட்டு வரணும்ல? நான் ட்யூன் பண்ணின வண்டியிலதான் ராணி மாதிரி வரப் போறாங்க."

"வண்டி கெளம்பலேன்னா?"

"நீ கேக்கறதைத் தரேன்."

அதுவரை குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஊசியைத் துணியில் பத்திரமாகக் குத்தி வைத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பின்னறை."

என் ஆராய்ச்சிக்கூடத்தையே கேட்கிறாள். ஆனாலும் ஆண்பிள்ளை, பின்வாங்க முடியுமா?

"நான் ஜெயிச்சா?"

"அறை ஆயுசுக்கும் உங்களுது. மிக்ஸியைக்கூடத் தொறந்துக்கங்க."

மிக்ஸி! இந்த வீட்டில் நான் இன்னும் உள்ளே பார்க்காத ஒரே பொருள். எனக்குக் கை பரபரத்தது.

"சம்மதம்."

"இருங்க. வேற யார் கையும் வண்டியில படக் கூடாது."

"சரி."

"மாத்தின பழைய சாமானை எங்கிட்ட காட்டணும். மெக்கானிக்குங்க ஒரு பொட்டலமா கட்டிக் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி."

"தாராளமா."

"பந்தயம் முடியற வரைக்கும் பின்னறைச் சாவி எங்கிட்ட."

"அது எதுக்கு?"

"தோத்ததும் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவீங்க."

யோசித்துப் பார்த்தேன். செய்யக்கூடியவன்தான். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை லைனிங் துணி வாங்க வேண்டும் என்று வண்டியை அவள் எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை நான் நாலு பிளக்கும் ஒரு ஏர் ஃபில்டரும் வாங்கி வந்தேன். ஆயிரத்து இருநூறு. ஆயில் அடுத்த மாதம். ஆக, மிச்சம் இரண்டாயிரத்து அறுநூறு. அன்று முழுவதும் கவுண்ட்டரில் நான் சிரித்த முகமாக இருந்ததாக சக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பானெட்டைத் தூக்கினேன். எங்கள் வண்டி வீட்டுக்குப் பக்கவாட்டில், பின்னறைச் சுவரை ஒட்டி நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். யார் எந்த வண்டியைத் திறந்தாலும் அவர் தலை மதிலுக்கு மேலே முளைத்துவிடும்.

"என்ன தம்பி, பிரிக்கிறீங்களா?"

"அண்ணே, வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பந்தயம்."

"கைதானே வைக்கக் கூடாது? வாய் வைக்கலாமில்ல?" என்று ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டார்.

நான் எதையும் முறைப்படி செய்கிறவன். பிளக்குகளுக்குப் போகும் நாலு ஒயர்களிலும், கவுண்ட்டரில் ஒட்டுகிற மாதிரியே, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சீட்டு ஒட்டினேன். உருவினேன். முதல் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.

பளபளவென்று இருந்தது.

இரண்டு வருஷமாக சர்வீஸுக்கே போகாத வண்டி. பிளக் கன்னங்கரேலென்று இருக்க வேண்டுமே! இரண்டாவதைக் கழற்றினேன். அதுவும் பளபள. மூன்று, நாலு, எல்லாம் பளபள. ஏர் ஃபில்டரை எடுத்தால் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளை. ஆயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் தேன் நிறம்.

"ஏன் அண்ணே, ரெண்டு வருஷத்துல பிளக் புதுசாகுமா?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு நாளும் ஆனதில்ல."

"நான் நிதானமா ஓட்டுறேன்ல, அதனால இருக்குமோ?"

"நிதானமா ஓட்டினா பிளக்கு தேயாம இருக்கலாம் தம்பி. திரும்பிப் பொறக்குமா?"

பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தேன். ஆராய்ச்சிக் குறிப்புக்கென்றே வைத்திருக்கும் நோட்டில் எழுதினேன்: 'பிளக் சுத்தம். காரணம் தெரியவில்லை.' எழுதும்போதே இன்னொன்று காதில் விழுந்தது. கடகடகடகட என்று ஒரு சத்தம். சாவியே போடாத வண்டியிலிருந்து! டயரில் காதை வைத்தேன். கதவில் வைத்தேன். டிக்கியில் வைத்தேன். எல்லா இடத்திலும் கேட்டது. மனைவி டீயோடு வந்தாள். உடனே சத்தம் நின்றுவிட்டது. வண்டிக்குக்கூட அவளிடம் பயம் போலிருக்கிறது. 'சத்தம்: கடகட. வண்டி நிற்கும்போதும் வருகிறது. பெரிய கோளாறு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"என்ன, எல்லாம் ஒரே கரியா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

பளபளக்கும் பிளக்கைச் சட்டென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "கரியா? அப்பப்பா! இந்த வண்டி இத்தனை நாள் ஓடினதே அதிசயம்."

"அப்போ கண்டிப்பா மாத்தித்தான் ஆகணும்."

"பின்ன?"

மதில்மேல் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, வியாழக்கெழமை உங்க வாசல்ல ஒரு குட்டியானை லாரி வந்து..."

"அண்ணே, உங்களுக்கும் டீ வெச்சிருக்கேன், ஆறிடும்" என்று மனைவி டம்ளரை அவர் கையில் திணித்தாள். அவர் பேச்சு டீயோடு உள்ளே போய்விட்டது.

புதுப் பிளக்கை எடுத்துவிட்டு, புதுப் பிளக்கை மாட்டினேன். வேறென்ன செய்ய? ஒயரை மாட்டப் போனபோதுதான் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. ஒயருக்கு எண் போட்ட நான், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எண் போடவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் பெறுநர் முகவரி இல்லாத பார்சல் ஒன்றைக்கூட நான் வாங்கியதில்லை. இப்போது என் கையில் நாலு.

குத்துமதிப்பாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன். வண்டி இருமியது, குலுங்கியது, பின்னால் டமால் என்று வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலோடு மறைந்துபோய் மறுபடி எழுந்தார்.

"தம்பி, ரெண்டையும் மூணையும் மாத்திப் போடுங்க."

போட்டேன். டமால்.

"அப்போ ஒண்ணையும் நாலையும்."

மத்தியானம் மூன்று மணிக்கு, பதினேழாவது முயற்சியில், வண்டி பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் திறந்த ஒன்று மூடிய பிறகும் ஓடுகிறது!

ஆனால் பழைய சாமானைக் காட்ட வேண்டுமே. பளபளப்பாகக் காட்டினால், 'இதை எதுக்கு மாத்தினீங்க, வண்டி நல்லாத்தானே இருந்துச்சு' என்பாள். வேலையே இல்லாத இடத்தில் வேலை செய்தவனுக்கு அறை தருவாளா? மிக்ஸியைத் தருவாளா? யோசித்தேன். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. மிக்ஸி அதைவிட அதிகமாக உறுத்தியது. கறுப்பு ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்து நாலு பிளக்குக்கும் நன்றாகப் பூசினேன். ஏர் ஃபில்டர்மேல் கால்மிதியை நாலு தட்டுத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மனைவியின் அக்கா பயணம் முழுவதும் தலையில் கையை வைத்து மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாட்சிக்கு அக்காவையும் உட்கார வைத்து, செய்தித்தாள் விரித்து, பழைய சாமானைப் பரப்பினேன்.

"பாத்தீங்களா? ரெண்டு வருஷத்துக் கரி!"

மனைவி ஒரு பிளக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதோடயா வண்டி ஓடிட்டிருந்துச்சு?"

"அதான் சொல்றேனே. நான் மட்டும் தொறந்து பாக்கலேன்னா இன்னிக்கு நடு ரோட்டுல நின்னிருக்கும்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

அக்கா மூக்கை உறிஞ்சினார். "ஏண்டி, இங்க யாராச்சும் ஷூவுக்குப் பாலிஷ் போடறாங்களா?"

மனைவி பிளக்கைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு பார்சலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, நேர்த்தியான முடிச்சு.

"என்ன இது?"

"உங்களுக்குத்தான். என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

என் தொழிலில் என்னைச் சோதிக்கிறாள்! கையில் தூக்கிப் பார்த்தேன். "நானூறு கிராம் இருக்கும். இரும்புச் சாமான். நாலு உருப்படி. கூடவே லேசா, அகலமா ஒண்ணு." குலுக்கினேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்பேனர் செட்! உறையோட!"

"தொறங்க."

வாழ்நாளில் ஒருத்தர்கூட என்னிடம் ஒரு பார்சலைக் கொடுத்து இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன்.

நாலு பிளக். கன்னங்கரேலென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு. அடுப்புக்கரி நிறத்தில் ஒரு ஏர் ஃபில்டர். மெக்கானிக்கின் பில். தேதி வியாழக்கிழமை. கீழே 'பழைய சாமான் ஒப்படைக்கப்பட்டது'.

அந்தக் கரியையும் என் கரியையும் அக்கா மாறி மாறிப் பார்த்தார். தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வியாழக்கெழமையே குடுத்துட்டியா?" என்றேன்.

"பின்ன? நீங்க தொறக்கறதுக்கு முன்னாடி வண்டி நல்லா இருந்தாத்தானே, தொறந்ததுக்கு அப்புறமும் கொஞ்சமாவது ஓடும்?"

"ஆனா வண்டி ஓடிச்சுல்ல? பந்தயத்துல நான்தானே..."

"வண்டி ஓடினா அது மெக்கானிக் பண்ணின வேலை. ஓடலேன்னா அது நீங்க பண்ணின வேலை. இதுல எந்த வேலைக்கு அறை வேணும், சொல்லுங்க."

அவள் செய்தது அநியாயம்தான். வேறொரு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். ஷூ பாலிஷ் பூசின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை.

"மூவாயிரத்து எண்ணூறு ஏது உனக்கு?"

"பழைய இரும்புக்காரர் நாலாயிரம் குடுத்தாரு."

"எந்தப் பழைய இரும்பு?"

சாவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். கதவு திறந்தது. கடிகாரம் இல்லை. மின்விசிறி இல்லை. வாஷிங் மெஷின் இருந்த இடத்தில் துணி வெட்டும் மேஜை. சுவரை ஒட்டி வெளிச்சத்தில் தையல் மிஷின். வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு இங்கேதான் வேலையாம். மீதி இருநூறுக்கு மிஷினுக்கு எண்ணெய் வாங்கியிருந்தாள். அவள் உட்கார்ந்து மிதித்தாள்.

கடகடகடகட.

உங்களிடம்கூட ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தச் சத்தம் என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்லி, சனிக்கிழமை சாயங்காலமே வேறொரு மெக்கானிக்கிடம் ரகசியமாகப் போய் ஐந்நூறு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தேன்.